இழையும் ஏடும்: அன்னி ஆல்பர்ஸின் நெசவு நூல் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்திருப்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. நமக்கு உருவகமாக நின்ற ஒன்றைத் தம் அன்றாடத் தொழிலாகவே கொண்டிருந்தவர் அன்னி ஆல்பர்ஸ் (1899–1994). நெசவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. கற்பித்தல் படைப்பாளியின் காலத்தைத் தின்றுவிடுகிறது என்பது நம்மிடையே பரவலாக உள்ள எண்ணம். இந்நூலும் இதனை எழுதியவரின் வாழ்வும் அவ்வெண்ணத்திற்கு எவ்வளவு இடம் தருகின்றன என்பதையே ஈண்டு நோக்குகிறோம்.

பெர்லினில் பிறந்த ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்குப் பெண்களுக்குப் பெரும்பாலும் திறந்திருந்தது நெசவுப் பட்டறை ஒன்றே. விரும்பி அவர் அதனுள் நுழையவில்லை. எனினும் பெர்னாவ் நகரத் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கிற்காக, ஒலியை உள்வாங்கி ஒளியை எதிரொளிக்கும் துணியொன்றைப் பருத்தியும் செலோபேனும் கொண்டு நெய்து, 1930இல் பட்டயம் பெற்றார். நாசிகளின் நெருக்கடியால் 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. அவ்வாண்டே கணவர் ஜோசப்புடன் அமெரிக்கா சென்று, வட கரோலினாவில் அப்போதுதான் தொடங்கப்பெற்றிருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஆசிரியரானார். 1949 வரை அங்கிருந்தார்.

அவருடைய கற்பித்தல் முறை தனித்துப் பேசத்தக்கது. மாணவரை உடனே தறியில் அமர்த்துவது அவர் வழக்கமன்று. பெரு நாட்டின் பாலையொன்றில் உடையோ கருவியோ இன்றி நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு, சுழியத்திலிருந்து தொடங்குமாறு அவர்களைப் பணித்தார். சோளமணி, புல், முறுக்கிய தாள் ஆகியவற்றைக் கொண்டு துணியின் மேற்பரப்பை ஒத்த தோற்றங்களை உருவாக்கச் செய்தார். தட்டச்சுப் பொறியின் எழுத்துகளாலும் இத்தகைய பயிற்சிகள் செய்யப்பட்டன. பாவின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை நெய்பவரின் இடுப்பிலும் பிணைக்கும் எளிய தறியையும் அவர் பயன்படுத்தச் செய்தார். சரவாக்கில் இபான் பெண்கள் புவா கும்பு நெய்யும் தறியும் இவ்வகையினதே என்பதால் நம் வாசகர்க்கு இது புதிதன்று.

இப்பயிற்சிகளின் படங்கள் நூலில் பழம்பெரு நாட்டுத் துணிகளோடு ஒருங்கே இடம்பெறுகின்றன. நூலைத் தம் பேராசான்களாகிய அப்பண்டை நெசவாளர்க்கே அவர் உரித்தாக்கியுள்ளார். ஆசிரியர் தம்மை மாணவராக அறிவித்துக்கொண்டு தொடங்கும் நூல் இது. தொட்டுணரும் ஆற்றலைப் பற்றிய இயல், வகுப்பறையில் பலமுறை சொல்லித் தெளிந்த ஒருவராலன்றி எழுதப்பட்டிருக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம். 1936இல் அவர் நெய்த ‘மான்டே அல்பான்’ என்னும் படைப்பில், ஊடையாக வந்த மிகை இழையொன்று தளத்தின்மேல் அலைந்து, மெக்சிகோவின் பழங்கட்டடப் படிகளைக் கோடுகளாக வரைகிறது. மாணவர்க்கு அடிப்படைக் கட்டமைப்பைக் கற்பித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அவ்விழை அவர் கையில் கட்டுமீறியது.

ஆயினும் மறுபக்கச் சான்றை மறைத்தல் திறனாய்வாகாது. அவருடைய பெயர்பெற்ற பட நெசவுகள் பல, கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரே தோன்றின. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி நடைபெற்றதும் அவர் நீங்கிய 1949இலேதான். கற்பித்தல் அவருக்குச் சிந்தனையின் இலக்கணத்தைத் தந்தது என்பதும், தறிமுன் அமரும் நேரத்தைக் குறைத்தது என்பதும் ஒருசேர உண்மையாகலாம்.

இவ்விரண்டை மட்டும் எடைபோட்டு மூன்றாவதை விட்டுவிடுவதே பலரும் செய்யும் பிழை. பிளாக் மவுண்டன் ஒரு கூட்டுவாழ்வுக் கல்லூரி. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உண்டனர். பண்ணை வேலை பார்த்தனர். ஈடன் ஏரிக்கரையில் கல்விக்கட்டடத்தைத் தாமே எழுப்பினர். ஊதியமோ சொற்பம். பகலில் வகுப்பும் மாலையில் சங்கக் கூட்டமும் முடித்து இரவில் கதை எழுத அமரும் நம் ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆல்பர்ஸின் நூலில் இவ்வாழ்வைப் பேசும் இயல் ஒன்றுகூட இல்லை. பாவு, ஊடை, தறியின் வரலாறு ஆகியவற்றை அத்துணைத் தெளிவாக விளக்குபவர், நெய்பவரின் நாள் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதைக் கூறாமலே கடந்துவிடுகிறார். கைவினையைத் தன்வரலாற்றிலிருந்து காத்துக்கொள்ளும் தன்மதிப்பு இது என வாதிடலாம். நெசவைப் பெண்களின் வீட்டுப்பணி என ஒதுக்கிய காலத்தில் அவ்வாறு எழுத நேர்ந்ததையும் நாம் உணர்கிறோம். எனினும் ஆசிரியராகப் பயில்வோர்க்கு இந்நூலைப் பரிந்துரைக்கும்போது இவ்விடைவெளியைச் சுட்டாமல் இருப்பது சரியன்று.

சமூகம் என்பதற்கு அவர் அளித்த விடை வேறிடத்தில் உள்ளது. நியூயார்க் யூத அருங்காட்சியகத்தின் வேண்டுகோளுக்கிணங்க, கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களின் நினைவாக 1965–66இல் ‘ஆறு பிரார்த்தனைகள்’ என்னும் ஆறு நெடிய பலகங்களை நெய்தார். அவற்றில் உருவம் எதுவும் இல்லை. வெள்ளியிழை கலந்த தளத்தின்மேல், படிக்க இயலாத எழுத்தைப்போல இழைகள் வளைந்து செல்கின்றன. சில ஆண்டுகளில் தறியையே விட்டு, அச்சுக்கலையை முழுமையாக மேற்கொண்டார்.