மெத்தென்று இருந்தது, அங்கேதான் தப்பு

பம்மலில் ஐஸ் பார்க்க வேண்டுமென்றால் மீன் கடைக்கோ ஜூஸ் கடைக்கோதான் போக வேண்டும். இங்கே ஸ்கேட்டிங் என்றால் சக்கரம்தான். ஆனால் அந்தச் சக்கரமும் பனிக்குப் பிறந்த பிள்ளைதான். 1980-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த ஓல்சன் சகோதரர்கள், பனி இல்லாத மாதங்களிலும் பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று ஹாக்கி பூட்டின் அடியில் பிளேடை எடுத்துவிட்டு ஒரே வரிசையில் சக்கரங்களைப் பொருத்தினார்கள். ரோலர்பிளேடு அப்படி வந்ததுதான். ஆகவே கால் பொருத்தத்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம், நாளைக்கே நீங்கள் சிம்லாவுக்குப் போய் 1920-லிருந்து இருக்கும் திறந்தவெளி ஐஸ் மைதானத்தில் நின்றாலும் செல்லும்.

மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சலித்துத்தான் நானும் ஒரு ஜோடி வாங்கினேன். வயது 43. பந்தயம் கிந்தயம் எதுவும் இல்லை; காலையில் அரை மணி நேரம் தெருவில் உருண்டால் போதும்.

முதலில் வாங்கியது சாஃப்ட் பூட். கடையில் காலை நுழைத்ததும் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வழக்கமாக ஷூவுக்கு 9 போடுகிறவன், இதற்கும் 9 வாங்கினேன். வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் இருபது நிமிடம் ஓட்டியிருப்பேன். உள்ளங்கால் வளைவில் ஒரு இழுப்பு. அரை மணியில் காலைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. பூட்டுக்குள் குதிகால் தளர்வாக இருந்தால், நாம் அறியாமலேயே விரல்களை மடக்கிப் பூட்டைக் கவ்விக்கொள்கிறோம். ஈரத் தரையில் தேய்ந்த ஹவாய் செருப்போடு நடக்கும்போது விரல்கள் என்ன செய்யும்? அதே வேலை. அரை மணி நேரம் அப்படிக் கவ்வினால் பாதம் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்!

அந்த ஜோடியை அப்பா ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்தார். நாகல்கேணியில் ஒரு டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. இந்தப் பக்கத்தில் தோலைத் தொட்டுப் பார்க்காத கை குறைவு. கணுக்கால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது, மெதுவாகத்தான் மேலே வந்தது. "இதுல தோலே இல்லடா, ரெக்சினும் பஞ்சும். ரெண்டு மாசத்துல அப்பளமா அமுங்கிடும்" என்றார். அந்தக் கட்டைவிரல் சோதனையை இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் செய்கிறேன். கணுக்கால் பக்கம் அழுத்தினால் மடங்குகிற பூட், உங்கள் எடையைத் தாங்காது.

இரண்டாவது ஜோடி, வெளியே கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றக்கூடிய லைனர். கடையில் போட்டபோது பிடிக்கவே இல்லை. இறுக்கமாக, முரட்டுத்தனமாக இருந்தது. ஆனால் இந்த முறை அளந்து வாங்கினேன். சாயங்காலம், கால் சற்று வீங்கிய நேரத்தில், குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்துத் தாளில் நின்று பெருவிரல் முனையில் கோடு போட்டேன். வலது 263 மில்லிமீட்டர், இடது 258. ஸ்கேட் பெட்டிகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர் கணக்கும் அச்சிட்டிருப்பார்கள். ஷூ நம்பரை மறந்துவிட்டு அதைப் பாருங்கள். எனக்கு 8 சரியாக வந்தது. நேராக நின்றால் பெருவிரல் முன்புறத்தை லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். குதிகால் மட்டும் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். இரண்டு சாக்ஸ் போட்டுச் சரிக்கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போட்டபடியே பதினைந்து நிமிடம் கடையில் உட்கார்ந்திருப்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம்.

மெத்தை அதிகமானால் சுகம் அதிகம் என்பது நம் தலையில் ஏறிய தப்புக் கணக்கு. 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டர் தங்கம் வென்ற தமிழ்நாட்டு வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் போன்றவர்கள் அணியும் பந்தய பூட்டைப் பாருங்கள். கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும், கெட்டி கார்பன், மெத்தை பெயருக்குத்தான். காலோடு அச்சாக ஒட்டியிருப்பதால் அவர்களுக்கு அது போதும். நமக்குக் கணுக்காலுக்கு மேல் வரை வரும் பூட் வேண்டும்; அந்த ஒட்டுதலும் வேண்டும்.

ஆறு வாரம் ஓட்டியாகிவிட்டது. தண்ணீர் லாரிகள் கிளம்புவதற்கு முன், ஐந்தரை மணிக்கு இறங்கிவிடுவேன். சக்கரம் 80 மில்லிமீட்டர், கடினம் 82ஏ. வழுக்காமல் இருக்கச் சிமென்ட் ரோட்டில் குறுக்கே கோடு இழுத்திருக்கிறார்களே, அதில் ஏறினால் பாதத்திலிருந்து பல் வரை கிர்ரென்று அதிர்கிறது. 85ஏ வாங்கியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். தார் ரோடு பரவாயில்லை. குழி தோண்டி மூடிய இடத்தில் ஒரு சின்ன ஜல்லி போதும், சக்கரம் அப்படியே நின்றுவிடும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் இறங்காதீர்கள். என் வலது காப்பின் பிளாஸ்டிக்கில் உள்ள கீறல்களைக் காட்டினாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம்.

பெட்டியில் பெரிதாக ஏபெக் 7 என்று போட்டிருப்பார்கள். அது பேரிங்கின் அளவு எவ்வளவு துல்லியம் என்பதற்கான தரம், வேகத்துக்கான மார்க் அல்ல. நம் தெருப் புழுதியில் இரண்டு வாரத்தில் ஏழும் ஐந்தும் ஒன்றுதான்.

ஐஸ் மேல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மாறுவது அடிப்பகுதிதான். ஃபிகர் ஸ்கேட்டின் முன்முனையில் பல் இருக்கும், புதியவர்களை அது தடுக்கி விழவைக்கும். ஹாக்கி வகையில் அது இல்லை. வாடகைக்கு எடுத்தால் பிளேடு ஓரத்தில் நகத்தைக் குறுக்கே வைத்துச் சுரண்டிப் பாருங்கள். நகம் லேசாகச் சீவப்பட வேண்டும். மழுங்கிய பிளேடோடு சறுக்கினால் கால் பக்கவாட்டில் ஓடும், பழி பூட் மேல் விழும்.

எனக்கு ஒரு குறை மிச்சம் இருந்தது. இடது கால் ஐந்து மில்லிமீட்டர் சின்னது என்பதால் அந்தக் குதிகால் மட்டும் கொஞ்சம் எழும்பிக்கொண்டே இருந்தது. அப்பா பரணிலிருந்து ஆட்டுத்தோல் லைனிங் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, ஓரத்தைக் கத்தியால் சீவி மெல்லிதாக்கி, லைனருக்குப் பின்னால் குதிகாலின் இரண்டு பக்கமும் பிறை வடிவில் ஒட்டிக் கொடுத்தார். மூன்று நாளில் சரியாகிவிட்டது. வலது பூட்டின் பிரேக் ரப்பர்தான் இப்போது பாதி தேய்ந்து நிற்கிறது. அதே அளவு ரப்பர் தேடிப் பல்லாவரம் வரை போய்விட்டு வெறுங்கையோடுதான் வந்தேன்.