பாம்புக் குழியில் ஐந்து லட்சம்

கௌபோய் படங்களின் நல்லவன் - கெட்டவன் கணக்கை ஜோசப் மான்கிவிச் 1970இல் தந்த 'தெயர் வோஸ் எ குரூக்கெட் மேன்' குழப்பிவிடுகிறது. எழுதியவர்கள் 'பொனி அன்ட் கிளைட்' எழுதிய நியூமனும் பென்ட்டனும்.

பாம்புக் குழியில் ஐந்து லட்சம் டொலரை ஒளித்துவிட்டுப் பாலைவனச் சிறைக்கு வரும் பிட்மன் (கேர்க் டக்ளஸ்), சிரித்துச் சிரித்தே சக கைதிகளை வளைத்துப் போடுகிறான். தப்பும்போது அவர்களையே காவுகொடுக்கிறான். இடையிடையே வரும் மலிவான பகிடிகள் சலிப்பூட்டுகின்றன.

ஆனால் ஹென்றி ஃபொண்டா! கைதிகளுக்குச் சாப்பாட்டு மண்டபம் கட்டுவிக்கும் நேர்மையான சிறை அதிகாரி. பாம்பு கடித்துச் செத்த பிட்மனின் உடலைக் குதிரையிலேற்றிச் சிறை வாசலுக்கு அனுப்பிவிட்டு, பணத்தோடு மெக்சிக்கோவுக்குப் போய்விடுகிறார். அதுவரை செய்ததெல்லாம் வேஷமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முகத்தில் வேஷத்தின் சாயல் ஒரு இடத்திலும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.