சின்ன எழுத்தில் ஒரு வரி

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்கள் இன்று சென்னையில், அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் இருக்கின்றன. அத்தகைய பழம்பதிப்புகளைத் தேடி இஸ்லாமியத் தமிழை ஆய்கிறவர்கள் போடும் அடிக்குறிப்புகள் மீது எனக்குத் தனிப் பிரியம்.

நபிகளின் வாழ்வைப் பாடும் சீறாப்புராணத்துக்குப் பக்க எண் மட்டும் போதாது. பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று காண்டம், பிறகு படலம், பாட்டு எண். எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் பாட்டைத் தேடிப் பிடித்துவிடலாம். குர்ஆனுக்கு இன்னும் சுருக்கம்: 2:255 என்றால் இரண்டாம் அத்தியாயம், 255ஆம் வசனம். நபிமொழிகளான ஹதீஸில்தான் கவனம் வேண்டும். புகாரி தொகுப்பின் எண்வரிசைகூடப் பதிப்புக்கேற்ப வேறுபடும். பதிப்பைச் சொல்லாத எண் கதவிலக்கம் இல்லாத முகவரி.

எனக்கு மிகப் பிடித்தது ஆண்டு எழுதும் முறை. முகப்பில் ஹிஜ்ரி 1300 என்றிருந்தால் ‘ஹி. 1300 / 1882–83’ என்று எழுதுவார்கள். சந்திர ஆண்டு பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்து நிற்கிறது. மாதம் தெரியாதபோது ஒன்றைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் காட்டும் அந்தச் சிறு இடைக்கோட்டில் எழுதியவரின் நேர்மை தெரிகிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.