நிஞ்ஜா: விளிம்பின் தொன்மமும் அதிகாரத்தின் கூலியும்

நிஞ்ஜா பற்றி நான் எழுத நினைத்த கட்டுரை வேறு. சாமுராய் என்கிற பெருங்கதையாடலுக்கு எதிரே விளிம்பிலிருந்து எழும்பிய கலக உடல் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட வேண்டி வந்ததுக்குக் காரணம் ஷிமபாரா.

அதற்கு முன், அந்தக் கறுப்பு உடை. கபுகி மேடையில் பொருள்களை எடுத்துவைக்கும் குரோகோ தலைமுதல் கால்வரை கறுப்பில் வருவான். அவன் கண்ணுக்குத் தெரிகிறான். தெரியாதவனாகப் பாவிக்க வேண்டும் என்பது பார்வையாளருக்கும் மேடைக்குமான ஒப்பந்தம். ஒற்றனுக்கு இந்த உடையை மாட்டிவிட்டது மேடை மரபுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1817இலேயே ஹொகுசாய் கயிறேறும் கறுப்பு மனிதனை வரைந்துவிட்டார். ஆனால் 1681இன் கையேடான ஷோனின்கி ஏழு வேஷங்களைச் சொல்கிறது. துறவி, வியாபாரி, தெருவித்தைக்காரன் என்று போய், ஏழாவது சும்மா சாதாரண ஆள். யாரைப்போலவும் இருப்பதுதான் தொழில். நமக்கு வந்து சேர்ந்தவனோ யாரைப்போலவும் இல்லாத ஒருத்தன். 'நிஞ்ஜா' என்ற உச்சரிப்பே இருபதாம் நூற்றாண்டில் பரவியதுதான். அன்றைக்கு ஷினோபி, இடத்துக்கு இடம் ரப்பா, சுப்பா, குஸா. குஸா என்றால் புல்.

என்னை மயக்கியது வேறொரு பிம்பம். 1959இல் தொடங்கிய ஷிராதோ சன்பெய்யின் 'நிஞ்ஜா புகெய்ச்சோ' சித்திரக்கதை, நிஞ்ஜாவை விவசாயிகளின் கிளர்ச்சியோடு முடிச்சுப் போட்டது. இடதுசாரி மாணவர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். 1964இல் தொடங்கிய அவருடைய இன்னொரு தொடரின் காமுய், சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்ட ஹினின் சாதியில் பிறந்தவன். முராயாமா தொமொயோஷியின் 'ஷினோபி நோ மோனோ' நாவலோ கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான அகாஹாதாவில் தொடராக வந்தது. இந்த வாசிப்புக்கு ஆதாரமும் உண்டு. இகாவில் பெருநிலப் பிரபு கிடையாது. கிராமத்துச் சாமுராய்கள் கூடி ஆண்டார்கள். 1579இல் ஓதா நொபுகாத்சுவின் படையை அடித்து விரட்டினார்கள். 1581இல் அவன் தகப்பன் நொபுனாகா பெரும்படையோடு வந்து இகாவையே அழித்தான்.

ஆனால் அந்தக் கிராமத்துச் சாமுராயும் ஆயுதம் வைத்திருந்த நிலக்காரன்தானே? அவனுக்குக் கீழே உழுதவன் யார்? இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே இல்லை.

1637இல் ஷிமபாராவில் வரிக்கொடுமையாலும் கிறிஸ்தவர் மீதான வேட்டையாலும் விவசாயிகள் எழுந்தார்கள். ஹாரா கோட்டைக்குள் குடும்பம் குடும்பமாக அடைந்துகொண்டார்கள். முற்றுகையிட்ட ஷோகுன் படைக்கு வேவு பார்க்க வந்தவர்கள் கோகா ஷினோபிகள். ராத்திரியில் சுவரேறினார்கள், கொடியைப் பிடுங்கி வந்தார்கள், பட்டினி கிடக்கிறவர்களின் உணவு மூட்டைகளையும் திருடினார்கள். உள்ளே பேசிய பேச்சுதான் அவர்களுக்குப் புரியவில்லையாம். வட்டார வழக்கு வேறு, கிறிஸ்தவச் சொற்கள் வேறு. 1638இல் கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்த அத்தனை பேரையும் ஏறக்குறையக் கொன்று தீர்த்தார்கள். ஷிராதோவின் விவசாயிகள் அந்தச் சுவருக்கு உள்ளே இருந்தார்கள். நான் சுவரேறுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் சண்டை ஓய்ந்துபோச்சு, வேலையும் போச்சு. 1676இல் தொகுக்கப்பட்ட பன்சென்ஷூகாயைக் கலகத்தின் ரகசியப் பிரதி என்று என் கிழித்த பக்கத்தில் எழுதியிருந்தேன். 1789இல் கோகாக்காரர்கள் அதே நூலை எதோவுக்கு எடுத்துப்போய் ஷோகுன் அரசிடம் சமர்ப்பித்தார்கள், உத்தியோகம் கேட்டு.