சார்யானின் பூமரங்கள்

அர்மீனியர் என்றதும் சென்னைவாசிகளுக்கு அரண்மனைக்காரன் தெரு ஞாபகம் வரும். அர்மீனியன் தெருதான் ஜனங்களின் நாக்கில் அப்படி ஆயிற்று. உலகத்திலேயே முதல் அர்மீனியப் பத்திரிகை 1794-ல் சென்னையில்தான் அச்சாயிற்று. ஆனால் அந்த நாட்டுச் சித்திரக் கலையைப் பற்றி நம்மில் பேசுகிறவர்கள் குறைவு. மார்ட்டிரோஸ் சார்யானைப் பற்றியாவது பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1880-ல் பிறந்து 1972 வரை வாழ்ந்தவர். மாஸ்கோவில் படித்தார்; 1910 முதல் 1913 வரை துருக்கி, எகிப்து, பாரசீகம் என்று சுற்றினார்; 1921-ல் யெரவானில் குடியேறினார். அங்கே அவர் வசந்த காலத்துப் பழமரங்களை எழுதினார். ஆப்ரிகாட் மரம் அந்த ஊருக்கு உயிர். தாவர நூல்களில் அதன் பெயரிலேயே அர்மீனியா இருக்கிறது. இலை வருமுன் அது பூத்துவிடும். வெறுங் கிளையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அப்பிக்கொண்டு நிற்கும்.

சார்யான் பூக்களை எண்ணுவதில்லை. தூரிகையை அழுத்தி ஒரு பொட்டு, பக்கத்தில் இன்னொரு பொட்டு, மரம் பூத்தாயிற்று. அடிமரத்துக்கு இரண்டே கோடு. நிழல் கறுப்பல்ல, நீலம். இதெல்லாம் பாரீஸிலும் உண்டு என்று சொல்லிவிடலாம். அவருடைய தனித்தன்மை பின்னால் நிற்கும் மலையில் இருக்கிறது. நம் காலண்டர் படங்களில் தூரம் என்றால் மங்கல். மலை என்றால் கொஞ்சம் பனிமூட்டம். இவர் படத்தில் மலையும் மரமும் ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. ஈரமில்லாத மேட்டுநிலக் காற்றில் கண் காண்பதும் அப்படித்தான். மழை ஓய்ந்த ஒரு காலையில் போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் நின்று மேற்கே பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை எதிர்வீட்டுச் சுவர் மாதிரி வந்து நிற்கும்.

"ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கையில் பூ எழுதுவது ஒரு காரியமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1915-ல் துருக்கியிலிருந்து உயிர் தப்பி எச்மியாட்ஸினுக்கு வந்த அகதிகளுக்கு உதவப் போனவர் சார்யான். அங்கே கண்டது அவர் மனத்தையே குலைத்தது. பிறகு 1921-ல் ஏற்பட்ட எல்லையில், அர்மீனியர் தங்களுடையதென்று கொண்டாடும் அராராத் மலை துருக்கிப் பக்கம் போய்விட்டது. யெரவானிலிருந்து தினமும் பார்க்கலாம், ஏற முடியாது. (எல்லை என்றால் நமக்குப் போடிமெட்டுச் சோதனைச் சாவடிதான். தேநீர் குடித்துக்கொண்டே கடந்துவிடுவோம். இரண்டையும் ஒப்பிட்டால் அதிகப்பிரசங்கித்தனம்.) அந்த மலையை ஏக்கத்தோடு மங்கலாக எழுதியிருந்தால் பார்க்கிறவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். அவர் அதைச் செய்யவில்லை. இந்தப் பக்கத்துப் பூமரத்துக்குக் கொடுத்த வர்ண பலத்தையே அந்தப் பக்கத்து மலைக்கும் கொடுத்தார். இதைத் தப்பித்தல் என்று என்னால் சொல்ல முடியாது.

எல்லாப் படங்களும் ஒரே தரம் என்பதும் இல்லை. பிற்காலத்துப் படங்கள் சிலவற்றில் கை பழகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் கை போகிறது. பாரீஸில் இருந்தபோது எழுதியவற்றில் பெரும்பகுதி 1928-ல் திரும்பி வரும் வழியில் கப்பலில் தீப்பிடித்து அழிந்தது. அவற்றைப் பார்க்காமல் அவரை முழுக்க எடைபோட யாராலும் முடியாது.

நம் மலையை இந்த முறையில் எழுதலாமா? போடியிலிருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் இலையுதிர்த்துப் பூக்கும் இலவமரம் சார்யானுக்குச் சரிப்படும். மாமரம் சரிப்படாது. இலைகளை வைத்துக்கொண்டே பூக்கிற மரம் அது. பூவும் தவிட்டு நிறம். இளஞ்சிவப்புப் பொட்டு வைத்தால் பொய். காப்பி பரவாயில்லை, கோடை மழைக்குப் பிறகு சில நாள் கிளையெல்லாம் வெள்ளை. ஆனால் அது சட்டென்று உதிர்ந்துவிடும். சைத்ரிகருக்கு பஸ் கிடைப்பதற்குள் பூ போய்விடும்.

ஏலக்காயோ இந்தக் கணக்கிலேயே சேராது. ஆள் உயரத்துக்கு மேல் தழை. பூவோ தூரடியில், தரையோடு படர்கிற சரத்தில், ஊதா வரியோடிய சின்ன வெள்ளை நாக்காக இருக்கிறது. அதை எழுத வருகிறவர் பாதையோரத்தில் நாற்காலி போட்டுப் பிரயோஜனமில்லை. செடிக்கடியில் ஈர மண்ணில் உட்கார வேண்டும்.