மெழுகுவர்த்தி கிட்: டப்பாவுக்குள் இருப்பதும் இல்லாததும்

'முதல் முறை செய்பவர்களுக்கு' என்று போட்ட மெழுகுவர்த்தி கிட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, மூன்று வாரம் சென்னை வீட்டு அடுப்படியில் வைத்துச் சோதித்தேன். விலை 1,299 ரூபாய். "கரண்ட் போனா ஏத்துறதுக்கா இத்தனை கூத்து?" என்றாள் அம்மா. அவள் கணக்கு பத்து ரூபாய் மெழுகுவர்த்தியோடு முடிந்துவிடும்.

டப்பாவில் 500 கிராம் சோயா மெழுகுச் சீவல், மூக்கு வைத்த அலுமினியக் குவளை, 100 மில்லி தகர டப்பிகள் நான்கு, பத்துப் பருத்தித் திரி, 10 மில்லி வாசனை எண்ணெய்ப் புட்டிகள் இரண்டு, ஒரு தெர்மாமீட்டர். 'ஹேண்ட்மேட் வித் லவ்' ஸ்டிக்கர்களும் ஒரு தாள் நிறைய. குவளை அருமை. கைப்பிடி சுடவில்லை, ஊற்றும்போது ஒரு சொட்டுகூட வழியவில்லை. பாராட்டு இத்தோடு சரி.

செய்முறைத் தாள் ஒரு டப்பிக்கு 100 கிராம் மெழுகு போடச் சொல்கிறது. மெழுகு தண்ணீரைவிட லேசு. 100 மில்லி டப்பி ஏறக்குறைய 90 கிராமிலேயே நிரம்பிவிடும். தாளை நம்பினால் மேடையில் வழியும், எனக்கு வழிந்தது. வாசனைக்குப் 'பத்துச் சொட்டு' என்கிறது. பத்துச் சொட்டு என்பது அரை மில்லிதான். மெழுகின் எடையில் 6 சதவீதமாவது எண்ணெய் சேர்ந்தால்தான் அறையில் மணக்கும். ஒரு டப்பிக்கு ஐந்து கிராமுக்கு மேல் வேண்டும். அப்படிப் பார்த்தால் அரைக் கிலோ மெழுகுக்கு 30 கிராம் எண்ணெய் தேவை. வந்திருப்பதோ 20 மில்லி. என் முதல் டப்பியை மூக்கருகே கொண்டுபோனால் மல்லிகை இருப்பதாக நாமே நினைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர்மேல் சந்தேகம் வந்தது இரண்டாவது டப்பியில். மெழுகை 75 டிகிரிக்கு உருக்கி, 70-இல் எண்ணெய் கலந்து இரண்டு நிமிடம் கிளறி, 55-க்கு இறங்கியதும் ஊற்றினேன். ஆறியபின் பார்த்தால் திரியைச் சுற்றிக் குழி. கொதிக்கிற தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன்; 93-க்கு மேல் ஏறவே இல்லை. கடலோர ஊரில் தண்ணீர் 100-இல் கொதிக்கும். ஆக, நான் சூடு அதிகமாகவே ஊற்றியிருக்கிறேன். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கிய பிறகு மூன்றாவது டப்பி பலகை போல மட்டமாக இறுகியது.

அடுத்த கோளாறு திரி. பத்தும் ஒரே தடிமன், அதுவும் மெலிசு. டப்பியின் அகலம் 6 சென்டிமீட்டர். இரண்டரை மணி நேரம் எரிந்தும் நடுவில் மட்டும் கிணறு தோண்டியதுபோல் உருகியது, ஓரத்து மெழுகு அசையவில்லை. முதல் முறை ஏற்றும்போதே மேற்பரப்பு முழுக்க உருகாவிட்டால், அடுத்தடுத்த முறையும் சுடர் அந்தக் கிணற்றுக்குள்ளேயே இறங்கும். நான்காவது டப்பியில் இரண்டு திரியைத் தள்ளித் தள்ளி நட்டேன். ஓரம் வரை உருகியது. ஏற்றுமுன் திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கியதால் புகையும் இல்லை. ஊற்றிய அன்றே ஏற்றிவிடாதீர்கள். சோயா மெழுகில் வாசனை படிய ஒரு வாரமாவது ஆகும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் குவளையை இறக்கி உருக்க வேண்டும். தண்ணீர் 100-ஐத் தாண்டாது, மெழுகும் தாண்டாது. தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு மூடி போட்டு மூடுங்கள். தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது இதில்தான். குவளையைச் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள், சிங்க்கில் கழுவினால் குழாய் அடைக்கும். சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும் சரக்கு. மே மாத வெயிலில் சன்னலோரம் வைத்த ஒரு டப்பி எண்ணெயாக வியர்த்தது.

வாங்கலாமா? பரிசாகக் கொடுக்க டப்பா அழகாக இருக்கிறது. கற்றுக்கொள்ள என்றால் வேண்டாம். ஒரு கிலோ மெழுகு, இரண்டு மூன்று தடிமனில் திரி, கிராம் காட்டும் தராசு, நல்ல தெர்மாமீட்டர் எனத் தனித்தனியாக வாங்குங்கள். பாத்திரத்துக்குப் பழைய பால்குக்கரே போதும். எனக்கு மிஞ்சியது 140 கிராம் வாசனையில்லாத மெழுகும் அந்த ஸ்டிக்கர் தாளும். ஸ்டிக்கரில் ஒன்று இப்போது அம்மாவின் ரசப்பொடி டப்பாவில் இருக்கிறது.