'எயார் ஃபோர்ஸ்': விமானத்தில் இடம்பெற்றோரும் இடம்பெறாதோரும்

ஹவார்ட் ஹோக்ஸ் நெறிப்படுத்தி 1943 இல் வெளிவந்த 'எயார் ஃபோர்ஸ்' திரைப்படம், 'மேரி-ஆன்' எனும் குண்டுவீச்சு விமானத்தின் குழுவினரைச் சனநாயக அமெரிக்காவின் சிற்றுருவாக முன்வைக்கின்றது. குவின்கானன், வைன்பேர்க், வினோக்கி என்னும் பெயர்களே அயர்லாந்து, யூத, போலந்து வழிவந்தோரின் கூட்டினை அறிவிக்கின்றன.

இவர்களுள் வினோக்கியே கூர்ந்து நோக்கற்பாலன். விமானியாகும் தகுதி மறுக்கப்பட்டுச் சுடுநராக்கப்பட்ட அவனது மனக்கசப்பு, அதிகாரிக்கும் கீழ்நிலையாளனுக்குமிடையிலான முரண்பாட்டின் வெளிப்பாடாகும். ஜோன் காஃபீல்டின் இறுகிய முகம் அதனை உயிர்ப்புடன் உணர்த்துகின்றது. ஆனால், பேர்ள் துறைமுகம் எரிந்ததும் அம்முரண்பாடு தேசத்துள் கரைக்கப்படுகின்றது. பின்னர் அவனே விமானத்தைத் தரையிறக்குகிறான்!

குழுவிற் கறுப்பர் எவருமிலர். படையில் நிலவிய இனப்பிரிவினையை அப்படியே காட்டியமை யதார்த்தமே எனச் சிலர் வாதிடலாம். அவ்வாறாயின், ஹவாய்வாழ் யப்பானியரை நாசகாரராகச் சித்திரித்தமை எவ்வகை யதார்த்தம்? அத்தகைய நாசவேலை எதுவும் நிறுவப்படவில்லை. விலக்குதற்கு உண்மையையும் பழித்தற்குப் புனைவையும் இப்படம் துணைக்கொள்கின்றது. அது திரையிடப்பட்டபோது, 1942 பெப்ரவரி ஆணையின் விளைவாக, மேற்குக் கரையோரத்து யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிகள்.

1941 இல் உருவாக்கப்பட்ட கறுப்பின விமானிகளின் 99 ஆவது அணி, 1943 ஏப்ரலில் வட ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அவ்விமானிகளைப் பற்றி 1945 இல் 'விங்ஸ் ஃபோர் திஸ் மேன்' என்ற குறும்படம் எடுக்கப்பட்டது. அதிலும் அவர்கள் தனிப்படையினரே. 'மேரி-ஆன்' குழுவில் அவர்களுக்கு இருக்கை ஒதுக்கப்படவில்லை.